எல்விஸ் பிரெஸ்லியின் ‘30 நம்பர் ஒன் ஹிட்ஸ்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977 ஆகஸ்ட் 16 அன்று மெம்ஃபிஸ் நகரில் தன் வீட்டில் இறந்தார். வயது 42. கால் நூற்றாண்டு கழித்து, 2002 செப்டம்பரில், அவருடைய இசைத்தட்டு நிறுவனமான ஆர்.சி.ஏ. அவருடைய வெற்றிப் பாடல்களை ஒரே சி.டி.யில் அடைத்து வெளியிட்டது. எல்விஸைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களில் பலர் இந்தத் தொகுப்பு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே.

தொகுப்பின் பெயரில் ஏன் ஓர் எண் ஒளிந்திருக்கிறது?

அட்டையில் எல்விஸ் என்ற ஆங்கிலப் பெயரில் ‘ஐ’ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழே ‘30 நம்பர் ஒன் ஹிட்ஸ்’. உள்ளே இருப்பவை எல்லாம் தரப்பட்டியலில் முதலிடம் பிடித்தவை என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடும் உத்தி. 1956இன் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ தொடங்கி 1977இன் ‘வே டவுன்’ வரை கால வரிசையில் 30 பாடல்கள். கடைசியில் கூடுதலாக ஒரு ரீமிக்ஸ், அதாவது பழைய பதிவைப் புதிதாகக் கலந்து மாற்றியமைத்த வடிவம். மொத்தம் ஏறத்தாழ 80 நிமிடம். ஒரு சி.டி. அதற்கு மேல் தாங்காது. எல்விஸ் காலத்துப் பாடல்கள் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுவதால்தான் இத்தனை பாடல்கள் ஒரே தட்டில் அடங்கின.

முப்பதும் உண்மையிலேயே நம்பர் ஒன் பாடல்களா?

எந்த ஊரில், யாருடைய பட்டியலில் என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகையின் பாப் பட்டியல்களில் முதலிடம் பிடித்தவை இவற்றில் 17. ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’, ‘டோன்ட் பி க்ரூயல்’, ‘ஹவுண்ட் டாக்’, ‘ஜெயில்ஹவுஸ் ராக்’, ‘இட்ஸ் நவ் ஆர் நெவர்’, ‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’ எல்லாம் இந்த வகை. இன்னும் 11 பாடல்கள் அந்தப் பட்டியல்களில் முதலிடம் பிடிக்காமல் பிரிட்டனில் பிடித்தவை. ‘ரிட்டர்ன் டு செண்டர்’ பில்போர்டில் இரண்டாம் இடம் வரைதான் போனது, பிரிட்டனில் முதலிடம். ‘க்ரையிங் இன் த சாப்பல்’ பில்போர்டில் மூன்று, பிரிட்டனில் ஒன்று. ‘தி ஒண்டர் ஆஃப் யூ’ அமெரிக்காவில் ஒன்பதாம் இடத்தோடு நின்றுவிட்டது. பிரிட்டன்காரர்கள் அதை 1970இல் ஆறு வாரம் உச்சியில் வைத்திருந்தார்கள்.

‘வுடன் ஹார்ட்’ கதை இன்னும் வேடிக்கை. அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் அதைத் தனித் தட்டாக வெளியிடவே இல்லை. அங்கே அதே பாட்டை ஜோ டவல் என்ற வேறொருவர் பாடி 1961இல் முதலிடம் பிடித்தார். எல்விஸ் குரலில் அது முதலிடம் கண்டது பிரிட்டனில்.

17ம் 11ம் 28. மீதி இரண்டும் ‘இன் த கெட்டோ’, ‘பர்னிங் லவ்’. இவை பில்போர்டிலும் முதலிடம் பிடிக்கவில்லை, பிரிட்டனிலும் பிடிக்கவில்லை. பில்போர்டில் ஒன்று மூன்றாம் இடம், மற்றது இரண்டாம் இடம். அமெரிக்காவின் போட்டிப் பத்திரிகையான கேஷ் பாக்ஸின் பட்டியலில் முதலிடம் வந்ததை வைத்து உள்ளே சேர்த்திருக்கிறார்கள்.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். 1987இல் இதே ஆர்.சி.ஏ. ‘தி நம்பர் ஒன் ஹிட்ஸ்’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் 18 பாடல்கள். 2002இல் அது 30 ஆகிவிட்டது. இடைப்பட்ட 15 ஆண்டில் எல்விஸ் எழுந்து வந்து புதிதாக 12 பாடல்கள் பாடவில்லை. எண்ணும் முறைதான் மாறியது. 1987 தொகுப்பில் இருந்த ‘ஐ வான்ட் யூ, ஐ நீட் யூ, ஐ லவ் யூ’ 2002 கணக்கிலிருந்து காணாமல் போனது இதில் கூடுதல் விசேஷம்.

இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஏதோ ஒரு பட்டியல் சாட்சிக்கு இருக்கிறது. எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது என்பதை விற்கிறவர் தீர்மானித்தார், அவ்வளவுதான்.

பீட்டில்ஸ் தொகுப்பைப் பார்த்துச் செய்ததா?

ஆம் என்றே நினைக்கிறேன். 2000 நவம்பரில் பீட்டில்ஸின் ‘1’ வந்தது. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ முதலிடம் பிடித்த 27 பாடல்கள், ஒரே சி.டி., தலைப்பில் அதே எண். உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. இரண்டே ஆண்டில் எல்விஸுக்கும் அதே அளவுகோல், அதே வடிவம், அதே எண். தற்செயல் என்று நம்ப வேண்டியவர்கள் நம்பலாம்.

‘தட்ஸ் ஆல் ரைட்’, ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ எல்லாம் எங்கே?

முதலிடம் பிடிக்கவில்லை, அதனால் இல்லை. இந்தத் தொகுப்பின் பெரிய ஓட்டை இதுதான்.

1954 ஜூலையில் மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸின் சன் ஸ்டூடியோவில் 19 வயதுப் பையனாக எல்விஸ் பாடிய ‘தட்ஸ் ஆல் ரைட்’டில் இருந்துதான் எல்லாமே ஆரம்பம். கிதாரில் ஸ்காட்டி மூர், பேஸில் பில் பிளாக், டிரம்ஸ் கிடையாது. ராக் அண்ட் ரோல் வரலாறு எழுதும் யாரும் அந்த ரெக்கார்டிங்கைத் தாண்டிப் போவதில்லை. சாம் ஃபிலிப்ஸ் 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு ஆர்.சி.ஏ.விடம் விற்றபோது சன் ரெக்கார்டிங்குகளும் கை மாறின. ஆக, உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. சேர்க்க நினைத்திருந்தால் சேர்த்திருக்கலாம்.

இன்னொரு உறுத்தல். சன் காலத்து ‘ஐ ஃபர்காட் டு ரிமெம்பர் டு ஃபர்கெட்’ பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடமே பிடித்தது. அதுவும் இங்கே இல்லை. கேஷ் பாக்ஸ் கணக்கில் வரும், கன்ட்ரி கணக்கில் வராது என்றால் அளவுகோல் எப்படி வளைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுபட்டவற்றில் ‘மிஸ்டரி ட்ரெயின்’, ‘லிட்டில் சிஸ்டர்’, ‘விவா லாஸ் வேகஸ்’, ‘இஃப் ஐ கேன் ட்ரீம்’, ‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’ ஆகியவையும் உண்டு. ‘குட் லக் சார்ம்’ இருக்கும் இடத்தில் ‘மிஸ்டரி ட்ரெயின்’ இல்லை என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

31ஆவதாக இருக்கும் அந்த டான்ஸ் பாட்டு என்ன? அது எல்விஸ் குரல்தானா?

அவர் குரலேதான். பாட்டு ‘எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்’. மேக் டேவிஸும் பில்லி ஸ்ட்ரேஞ்சும் எழுதியது. 1968இல் ‘லிவ் எ லிட்டில், லவ் எ லிட்டில்’ என்ற படத்துக்காக எல்விஸ் பாடினார். படமும் ஓடவில்லை, பாட்டும் ஓடவில்லை. அதே ஆண்டு ஜூனில் என்.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அதை இன்னும் முறுக்காக மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். அதையும் நிகழ்ச்சியில் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

2001இல் ‘ஓஷன்ஸ் லெவன்’ படத்தில் அந்த இரண்டாவது பதிவு ஒலித்தது. அடுத்த ஆண்டு நைக்கி நிறுவனம் உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டி எடுத்த விளம்பரத்துக்கு ஒரு பாட்டு தேவைப்பட்டது. டெர்ரி கில்லியம் இயக்கிய விளம்பரம். கப்பலுக்குள் கூண்டு போட்டு நட்சத்திர வீரர்கள் மோதுவார்கள், முன்னாள் பிரெஞ்சு வீரர் எரிக் கன்டோனா நடுவர். ஹாலந்தைச் சேர்ந்த டாம் ஹோல்கன்போர்க் அதற்காக இந்தப் பாட்டை ரீமிக்ஸ் செய்தார். அவருடைய மேடைப் பெயர் ஜங்கி எக்ஸ்.எல். ஜங்கி என்றால் போதைக்கு அடிமையானவர். எல்விஸ் மருந்துகளுக்கு அடிமையான நிலையில் இறந்தார் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால், தட்டில் அந்தப் பெயர் ‘ஜே.எக்ஸ்.எல்.’ என்று சுருங்கியது.

2002 ஜூனில் அது பிரிட்டனில் முதலிடம் போய் நான்கு வாரம் அங்கேயே நின்றது. அதுவரை பிரிட்டனில் எல்விஸும் பீட்டில்ஸும் தலா 17 முதலிடங்களோடு சமமாக இருந்தார்கள். இறந்து 25 ஆண்டு ஆன மனிதர் 18ஆவது முதலிடத்தோடு முந்திவிட்டார். தொகுப்பு செப்டம்பரில் வந்தபோது இந்தப் பாட்டின் சூடு ஆறவே இல்லை. கடைக்கு வந்த இளைஞர்களில் பலர் 31ஆவது பாட்டுக்காகக் காசு கொடுத்து மற்ற முப்பதையும் சேர்த்து வாங்கிப் போனவர்கள்.

பாட்டாக எப்படி என்று கேட்டால், ரீமிக்ஸ் நன்றாகவே இருக்கிறது. குரலைச் சிதைக்கவில்லை, வேகத்தையும் அடியையும் கூட்டியிருக்கிறார்கள். ஆனால் ‘வே டவுன்’ முடிந்த கையோடு அது வெடிக்கும்போது வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

விற்பனை எப்படி இருந்தது?

அமெரிக்காவில் முதல் வாரமே ஏறத்தாழ 5 லட்சம் பிரதிகள். பில்போர்டு ஆல்பம் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. உயிரோடு இருந்த காலத்தில்கூட எல்விஸின் எந்த ஆல்பமும் வந்த வாரமே முதலிடத்தில் நுழைந்ததில்லை. அதற்கு முன் கடைசியாக முதலிடம் பிடித்த அவருடைய ஆல்பம் 1973இன் ‘அலோஹா ஃப்ரம் ஹவாய்’. பிரிட்டனிலும் முதலிடம்.

பழைய தட்டில் கேட்டதுக்கும் இதுக்கும் ஒலி வித்தியாசமாக இருக்கிறதே?

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. டேவிட் பெண்டெத் தலைமையில் மூல நாடாக்களைத் தேடி எடுத்துப் புதிதாக வேலை செய்தார்கள். 1950களின் பதிவுகள் மோனோ. பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒரே ட்ராக்கில் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். அவற்றைப் பிரிக்க அன்று வழியில்லை. இரைச்சலைக் குறைத்து, அடிநாதத்தைக் கொஞ்சம் தூக்கி, துடைத்துக் கொடுப்பதோடு சரி. 1960க்குப் பிந்தையவை பல ட்ராக்குகளில் பதிவானவை. அவற்றில் குரலைத் தனியாக, டிரம்ஸைத் தனியாக எடுத்து மறுபடி கலக்க முடியும். கலந்தும் இருக்கிறார்கள்.

இதில் எனக்கு இரண்டு மனசு. ஹெட்போனில் கேட்கும்போது குரல் பக்கத்தில் வந்து நிற்கிறது. ‘ஆர் யூ லோன்சம் டுநைட்’ 1960இல் நாஷ்வில் ஸ்டூடியோவில் நடுநிசி தாண்டி விளக்குகளை அணைத்துவிட்டுப் பாடியது. அந்த இருட்டு இதில் நன்றாகவே கேட்கிறது. ஆனால் ‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’ போன்ற பாட்டை மறுபடி கலப்பது ஆபத்தான வேலை. அதன் பித்தளை வாத்தியங்களும் கோரஸும் எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்பதே அந்தப் பாட்டின் பாதி உயிர். ஊறிப்போன ரசிகர்கள் 1969 மூலத்தையே தேடுவதில் நியாயம் இருக்கிறது.

இவற்றில் எல்விஸ் எழுதிய பாட்டு எது?

எதுவுமில்லை. ‘லவ் மீ டெண்டர்’ தட்டில் அவர் பெயர் இருக்கும், ஆனால் எழுதியவர் கென் டார்பி. டார்பி தன் பங்கைத் தன் மனைவி வேரா மேட்ஸன் பெயரில் போட்டுக்கொண்டார். எல்விஸ் பெயர் வியாபார ஏற்பாடு. மெட்டோ அதற்கும் முந்தையது, 19ஆம் நூற்றாண்டின் ‘ஆரா லீ’.

இதை ஒரு குற்றமாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். எஸ்.பி.பி. பாடியதை அவரே எழுதினாரா, அவரே மெட்டுப் போட்டாரா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. பாடுவது தனி வித்தை என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். பீட்டில்ஸும் டிலனும் வந்த பிறகுதான் மேற்கில் பாடகர் எழுதியே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கெட்டிப்பட்டது.

எழுதியவர்கள் கதைதான் இந்தத் தொகுப்பின் சுவாரசியமான பக்கம். ‘டோன்ட் பி க்ரூயல்’, ‘ஆல் ஷுக் அப்’, ‘ரிட்டர்ன் டு செண்டர்’ மூன்றுக்கும் பின்னால் இருப்பவர் ஓடிஸ் பிளாக்வெல் என்ற கறுப்பினப் பாடலாசிரியர். முதல் இரண்டிலும் எல்விஸ் பெயரும் சேர்ந்திருக்கும். எல்விஸ் பாட வேண்டுமானால் பாடல் உரிமையில் பங்கு கொடு என்பது அவருடைய பதிப்பாளர்களின் வழக்கம். பிளாக்வெல் மாதிரிக்காகப் பாடி அனுப்பிய டேப்பில் இருந்த நெளிவுகளை எல்விஸ் அப்படியே வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. பிளாக்வெல் 2002 மே மாதம் இறந்தார். தொகுப்பு வந்தது செப்டம்பரில்.

இன்னொரு கூட்டம், ஐரோப்பாவிலிருந்து வந்த மெட்டுகள். ‘இட்ஸ் நவ் ஆர் நெவர்’ நேப்பிள்ஸ் பாட்டான ‘ஓ சோலே மியோ’. ‘சரண்டர்’ அதே ஊரின் ‘டோர்னா எ சுர்ரியென்டோ’. ‘வுடன் ஹார்ட்’ ஜெர்மன் நாட்டுப்பாடல். ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ பிரெஞ்சு ‘ப்ளெசிர் தாமூர்’ மெட்டில் அமைந்தது. ராக் அண்ட் ரோல் மன்னர் என்று பட்டம் வாங்கியவரின் முதலிடப் பாடல்களில் இத்தனை பழைய காதல் மெட்டுகள்! ராணுவத்தில் இருந்து 1960இல் திரும்பிய பிறகு அவரை எந்தத் திசையில் தள்ளினார்கள் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது.

‘ஹவுண்ட் டாக்’ கறுப்பினப் பாடகரிடம் திருடியது என்கிறார்களே?

ஜெர்ரி லைபரும் மைக் ஸ்டோலரும் அதை எழுதியதே பிக் மாமா தார்ன்டனுக்காக. 1953இல் அந்தக் கறுப்பினப் பாடகியின் குரலில் வெளியாகி ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. எல்விஸ் பாடியது 1956இல். உரிமைப்படி திருட்டு இல்லை. ஆனால் ஒரே பாட்டு ஒருவரைக் கோடீஸ்வரர் ஆக்கியது, இன்னொருவரை ஆக்கவில்லை. நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த நாட்டில் இதற்கான காரணத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இதை நினைக்கும்போதுதான் இந்தத் தொகுப்புக்கு வைத்த விளம்பர வாசகம் எரிச்சல் தருகிறது: யாரும் எதையும் செய்வதற்கு முன்பே எல்விஸ் எல்லாவற்றையும் செய்துவிட்டார் என்று. ‘தட்ஸ் ஆல் ரைட்’டை முதலில் பாடிய ஆர்தர் க்ரூடப் இருக்கிறார், சிஸ்டர் ரோசெட்டா தார்ப் இருக்கிறார், பிக் மாமா தார்ன்டன் இருக்கிறார். எல்விஸே தன் பேட்டிகளில் தனக்கு முன்னால் இருந்தவர்களை ஒப்புக்கொண்டவர். அவருக்காக விளம்பரம் எழுதியவர்களுக்கு அந்தப் பண்பு இல்லாமல் போனது.

இத்தனை விற்றதே, பணம் யாருக்குப் போனது?

எல்விஸ் குடும்பத்துக்குப் போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடந்தது வேறு.

1973 மார்ச்சில் எல்விஸும் அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கரும் ஆர்.சி.ஏ.வோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதுவரை பதிவான பாடல்களுக்கு இனி வரவேண்டிய ராயல்டி (விற்பனையில் பாடகருக்குச் சேரும் பங்கு) முழுவதையும் 54 லட்சம் டாலருக்கு ஒரேயடியாக எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்திலும் பாதி பார்க்கருக்கு. விவாகரத்து நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. எல்விஸுக்குக் கையில் ரொக்கம் தேவைப்பட்டது. பழைய பாட்டுக்கு இனி என்ன மதிப்பு இருக்கப்போகிறது என்ற நினைப்பும் அந்தக் காலத்தில் இருந்தது.

இப்போது தொகுப்பின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1973 மார்ச்சுக்குப் பிறகு பதிவான பாட்டு ஒன்றே ஒன்று: ‘வே டவுன்’. அது 1976 அக்டோபரில், ரெக்கார்டிங் கருவிகளை வண்டியில் ஏற்றி எல்விஸின் கிரேஸ்லேண்ட் வீட்டுக்கே கொண்டுவந்து பதிவு செய்தது. மற்ற எல்லாம், அந்த ரீமிக்ஸில் இருக்கும் குரல் உட்பட, 54 லட்சத்துக்குள் அடங்கிப்போனவை. 2002இல் முதல் வாரம் மட்டும் விற்ற 5 லட்சம் பிரதிகளோடு அந்தத் தொகையை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு அநியாய விலை என்று புரியும்.

எல்விஸ் இறந்த பிறகு மகள் லிசா மேரியின் நலனுக்காக மெம்ஃபிஸ் நீதிமன்றம் ஒரு பாதுகாவலரை நியமித்து இந்தக் கணக்குகளைத் தோண்டியது. பார்க்கர் எடுத்த பங்கு வரம்பு மீறியது என்று அவர் அறிக்கை கொடுத்தார். 1983இல் வழக்குகள் சமரசத்தில் முடிந்தன, பார்க்கர் விலகினார். ஆனால் 1973இல் விற்றது விற்றதுதான்.

பின் குடும்பம் எப்படிப் பிழைத்தது? எல்விஸின் முன்னாள் மனைவி பிரிஸில்லா பிரெஸ்லி 1982 ஜூனில் கிரேஸ்லேண்டைக் கட்டணம் வாங்கிப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார். 1984இல் டென்னசி மாநிலம் இறந்தவரின் பெயர், உருவம் மீதான உரிமை வாரிசுகளுக்கே என்று சட்டம் கொண்டுவந்தது. எல்விஸ் பொம்மை, சட்டை, கோப்பை எல்லாவற்றிலும் வருமானம். இதோடு பாடல் பதிப்புரிமையில் எல்விஸுக்கு இருந்த பங்கும் தொடர்ந்தது. மேலே சொன்னேனே, எழுதாத பாட்டிலும் பங்கு கேட்டு வாங்கினார்கள் என்று, அந்த ஏற்பாடு வாரிசுகளுக்குக் கைகொடுத்தது. நியாயம் வேறு, வரவு வேறு.

இறந்த பாடகரின் பாடல்களை இப்படித் தொகுத்து விற்பது சரியா?

விற்பதில் தப்பில்லை. தொகுக்கிறவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதைக் கேட்கிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி 1981இல் இறந்தார், 1984இல் ‘லெஜண்ட்’ வந்தது. வெள்ளையின ரசிகர்களை மிரளவைக்காதபடி, அரசியல் சூடு உள்ள பாடல்களைக் குறைத்து, காதலும் ஆறுதலும் தரும் பாடல்களைக் கூட்டி அமைத்த தொகுப்பு. இன்று உலகில் பாதிப் பேருக்குத் தெரிந்த மார்லி அந்த மார்லிதான். எல்விஸ் விஷயத்தில் தணிக்கை செய்தது தரப்பட்டியல். அவர் சிறுவயதிலிருந்து நேசித்துப் பாடிய காஸ்பெல் எனும் கிறிஸ்தவ பக்திப் பாடல்களில் இங்கே இடம் கிடைத்தது ‘க்ரையிங் இன் த சாப்பல்’ ஒன்றுக்குத்தான். அதுவும் 1960இல் பாடி, ஐந்து ஆண்டு பெட்டியில் கிடந்து, 1965இல் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் போனதால் தப்பித்தது. உயிரோடு இருக்கும் பாடகர் தன் தொகுப்பைப் பார்த்து ‘இதை எடு, அதைப் போடு’ என்பார். இங்கே சொல்ல ஆள் இல்லை.

நேரம் குறைவு. எதை மட்டும் கேட்கலாம்?

‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’, ‘டோன்ட் பி க்ரூயல்’, ‘ஜெயில்ஹவுஸ் ராக்’, ‘ஹிஸ் லேட்டஸ்ட் ஃப்ளேம்’, ‘இன் த கெட்டோ’, ‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’, ‘பர்னிங் லவ்’. ‘தி ஒண்டர் ஆஃப் யூ’வும் வேண்டும், தொகுப்பில் மேடையில் பதிவானது அதுதான், 1970இல் லாஸ் வேகஸில். ‘வே டவுன்’ முடிவில் பின்னணிப் பாடகர் ஜே.டி. சம்னர் பாதாளத்துக்கு இறங்கும் அடிக்குரலுக்காகவே அதையும் ஒருமுறை. ‘வுடன் ஹார்ட்’, ‘ஷீ இஸ் நாட் யூ’ இரண்டையும் தாண்டிப் போனால் நஷ்டமில்லை.

இதன் இரண்டாம் பாகம் தேவையா?

2003இல் ‘செகண்ட் டு நன்’ வந்தது. ‘தட்ஸ் ஆல் ரைட்’, ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’, ‘விவா லாஸ் வேகஸ்’, ‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’, ‘இஃப் ஐ கேன் ட்ரீம்’ எல்லாம் அதில்தான். டி.ஜே. பால் ஓக்கன்ஃபோல்டின் ‘ரப்பர்னெக்கின்’ ரீமிக்ஸும் உண்டு; முந்தைய அதிர்ஷ்டம் மறுபடி அடிக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் நான் இரண்டாவதை எடுப்பேன். முதலிடம் பிடிக்காத எல்விஸ்தான் எனக்கு அதிகம் பிடித்த எல்விஸ்.

தொகுப்புகளைத் தாண்டி அடுத்து என்ன?

மூன்று போதும். சன் ஸ்டூடியோ பதிவுகள் மொத்தமும் வேண்டுமானால் 1999இன் ‘சன்ரைஸ்’. ஐம்பதுகள் முழுதும் வேண்டும் என்கிற பேராசைக்காரர்களுக்கு 1992இல் வந்த ஐந்து சி.டி. பெட்டி, ‘தி கிங் ஆஃப் ராக் அண்ட் ரோல்’. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தொகுப்பாக இல்லாமல் ஓர் ஆல்பமாகவே எல்விஸைக் கேட்க 1969இன் ‘ஃப்ரம் எல்விஸ் இன் மெம்ஃபிஸ்’. தயாரிப்பாளர் சிப்ஸ் மோமனின் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவில் செய்தது. ‘இன் த கெட்டோ’வை அங்கே மற்ற பாடல்களோடு சேர்த்துக் கேட்கும்போது அதன் கனம் இரட்டிப்பாகிறது.

இணையக் கடைகளில் பாதி விலைக்கும் குறைவாக எல்விஸ் ஹிட்ஸ் கிடைக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை நெடுங்காலம் 50 ஆண்டாக இருந்தது. 2011இல்தான் 70 ஆக்கினார்கள், அதுவும் அதுவரை காலாவதி ஆகாதவற்றுக்கு மட்டும். அதனால் 1954 பதிவுகளில் தொடங்கி 1962 வரை வெளியான எல்விஸ் ரெக்கார்டிங்குகள் அங்கே பொதுவுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் ஒரு பழைய தட்டை ஓடவிட்டுப் பிரதி எடுத்து, ஒரு படத்தை ஒட்டி விற்கலாம். மலிவுத் தட்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். வாங்குமுன் பாடல் பட்டியலைப் பாருங்கள். ‘சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்’, ‘பர்னிங் லவ்’ போன்ற பிற்காலப் பாடல்கள் எதுவும் இல்லாமல் 1962ஓடு நின்றுவிட்டால் காரணம் அதுதான். உறையில் ஆர்.சி.ஏ. அல்லது சோனி பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மூல நாடா இப்போது சோனி வசம்தான் இருக்கிறது.